ரெண்டும் நல்லாத்தான் இருக்கு

யூனிஸ் அலெக்சாண்டர் ஓர் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டால், அந்த ஆள் எதைத் தெரிகிறது என்று சொன்னாரோ அது அவருக்கு அன்றிலிருந்து தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னது தெரியாமல் போனது. இது 1957ஆம் வருஷத்து மழைக்காலத்தில் பெங்களூரில் ஆரம்பித்தது. அதே மழையில் ரிச்மண்ட் டவுனில் பெரிய மரங்கள் சில விழுந்தன, சிட்டி மார்க்கெட்டில் வெங்காயம் கிடைக்காமல் போனது. ஊர் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

சுதந்திரம் வந்த கையோடு சவுத் பரேடில் கடை வைத்திருந்த வெள்ளைக்காரக் கண்ணாடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களுடைய லென்ஸ் பெட்டிகளை ஏலத்தில் எடுத்தவர்கள் பழைய இரும்பு வியாபாரிகளும் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்களும். அதனால் பல வருஷங்களுக்கு இந்த ஊரில் மூக்குக் கண்ணாடி என்பது தட்டில் பரப்பி விற்கிற சாமானாக இருந்தது. வாங்க வந்தவர் தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக மாட்டி, கடைக்காரர் நீட்டிய பழைய செய்தித்தாளைப் பார்த்து, எதில் எழுத்து கொஞ்சம் அசையாமல் நின்றதோ அதை வாங்கிப் போனார். யூனிஸின் தாய்மாமன் ஓஸ்வால்ட் சிவாஜிநகரில் அப்படி ஒரு தட்டோடு தொழிலை ஆரம்பித்தவர். தட்டு மேஜையாகி, மேஜை கடையாகியது. அவரிடம் கண்ணாடி வாங்கிய ஒரு ஜட்காக்காரர் அதை மாட்டிக்கொண்ட முதல் நாளே வண்டி, குதிரை, இரண்டு சவாரிகள் எல்லாவற்றோடும் அல்சூர் ஏரிக்குள் இறங்கினார். குதிரைக்கு நீந்தத் தெரிந்திருந்ததால் யாரும் சாகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யூனிஸ் அதைக் கரையில் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து, குதிரைக்குத் தெரிந்த அளவுகூட மாமாவுக்குத் தொழில் தெரியவில்லை என்று சொன்னாள். அதற்காக அம்மாவிடம் அறை வாங்கினாள். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகம் கண் பரிசோதனைக்கு இரண்டு வருஷ டிப்ளமா ஆரம்பித்தபோது முதல் விண்ணப்பம் அவளுடையது. வகுப்பு நடந்த இடம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், யுத்தகாலத்தில் ராணுவம் குதிரைச் சேணங்களை அடுக்கி வைத்திருந்த கொட்டகை. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் அங்கே தோல் வாசனை போகவில்லை. ஐந்து ஆண்களும் யூனிஸும் படித்தார்கள். தலைவர் டாக்டர் தேசிகன், லண்டனில் படித்தவர், மைனஸ் ஆறு பவர்க் கண்ணாடி போட்டவர். கண்ணாடியைக் கழற்றினால் தன் செருப்பு எது, அடுத்தவர் செருப்பு எது என்று அவருக்குத் தெரியாது. அவர் வைத்த விதி எளிமையானது. கடைசிச் செய்முறைப் பரீட்சையில், ஒரு நோயாளியின் பவரைப் பரீட்சகர் காலையிலேயே கண்டுபிடித்து வைத்திருப்பார். மத்தியானம் மாணவர் கண்டுபிடிக்கும் பவர் அதனோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று தடவை முயலலாம். மூன்றாவதிலும் தவறினால் வெளியே போக வேண்டியதுதான். யூனிஸுக்கு அப்பா இல்லை. டிப்ளமா வராவிட்டால் மாமா கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஓஸ்வால்ட் அதை நம்பி ஓர் உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டு, தினமும் துடைத்து வைத்தார். அவளுக்கு வேண்டியது தன் பேரும் படிப்பும் எழுதிய ஒரு போர்டு. அதற்குக் கீழே உட்கார்ந்து, ஒருவருடைய கண்ணைச் சரியாகப் பார்த்து, சரியான பவரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

கொட்டகைக்கு இலவசப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம்தான் மாணவர்கள் கைபழக வேண்டும். முதலில் இருட்டில் ரெட்டினாஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, உள்ளேயிருந்து திரும்பும் சிவப்பு ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பவரைக் கணிப்பார்கள். பிறகு நோயாளியின் மூக்கில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது நன்றாக இருக்கிறதா, அதுவா என்று கேட்டு முடிவு செய்வார்கள். லண்டனில் இது வேலை செய்தது. பெங்களூரில் செய்யவில்லை. இங்கே வந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளை நின்றுகொண்டே இவ்வளவு சிரமப்படுகிறதே என்று பரிதாபப்பட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்குங்க" என்றார்கள். பசவனகுடிக்காரர்கள் "எரடூ சென்னாகிதெ" என்றார்கள். சிவாஜிநகர்க்காரர்கள் "தோனோ அச்சே ஹைங்" என்றார்கள். ஒரு லென்ஸைக் குறை சொன்னால் அதைப் போட்ட பிள்ளைக்கு மேலிடத்தில் திட்டு விழும் என்பது மூன்று பாஷைக்காரர்களும் சேர்ந்து நம்பிய விஷயம். தேசிகன் தலையில் அடித்துக்கொள்வார். "ஏன்யா, சம்பந்தி வீட்டுக்கா வந்திருக்கே? கண்ணாடிக்கு என்னய்யா மரியாதை?" என்று கத்துவார். கத்தக் கத்த அவர்களுடைய மரியாதை கூடியது.

மற்ற மாணவர்களிடம் இப்படிச் சொன்னவர்கள் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார்கள். யூனிஸிடம் சொன்னவர்களுக்கு உண்மையிலேயே இரண்டும் நன்றாக இருந்தது. அவள் பவரைக் குறைத்துக்கொண்டே வருவாள். இது? நல்லாத்தான் இருக்கு. இது? அதுவும் நல்லா இருக்கு. லென்ஸே இல்லாம? "அதுவும் நல்லாத்தான் இருக்கும்மா, நீ மொதல்ல செத்த உக்காரு." அத்தோடு அந்தக் கண் சரியாகிவிடும். மறுபடி வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பவர் பூஜ்யம். முதலில் தான் எடுத்த கணக்கு தப்பு என்று நினைத்து அவள் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தாள். விஷயத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் ஓஸ்வால்ட். ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணாடிச் சீட்டு எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு வருகிறவர்கள் யூனிஸின் முறை வருகிற நாட்களில் மட்டும் வரவில்லை. "யூனி, நீ கத்துக்கறது கண்ணு பாக்கறதா, கடைய மூடறதா?" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கேட்டார். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

1959 மார்ச்சில் முதல் பரீட்சை. நோயாளி ஃப்ரேசர் டவுன் தையல்காரர் ஒருவர், காலையில் மைனஸ் இரண்டு. யூனிஸ் எழுதிய விடை பூஜ்யம். தேசிகன் தானே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பூஜ்யம்தான். தையல்காரர் இதற்குள் ஜன்னலருகே போய், எதிர் மாடியில் காய்ந்த ஒரு சட்டையின் காலர் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் வந்த தையல்காரர் வேறு, மத்தியானம் வந்தவர் வேறு, யாரோ ஆளை மாற்றிவிட்டார்கள் என்று தேசிகன் முடிவு செய்தார். யூனிஸ் ஃபெயில். மற்ற ஐந்து பேரும் பாஸ்.

அடுத்த மாதம் கோதண்டம் வந்தார். அவர் அடுகோடிப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். பார்வை மங்கியவர்களைத் தறியிலிருந்து எடுத்து கேட்டில் காவலுக்கு உட்காரவைப்பது அந்த மில்லின் வழக்கம். கோதண்டத்துக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கேட்டில் உட்கார ஆசையாக இருந்தது. துணைக்கு மனைவி முத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து யூனிஸின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன தெரியுதுண்ணா?"

"ஒண்ணியும் தெரிலம்மா."

"மேல பெருசா ஒரு எழுத்து இருக்கே?"

"எழுத்தா? செவுரே தெரில."

சொல்லி முடித்ததும் சுவர் போனது. அதற்கு முன்னால் நின்ற யூனிஸ் போனாள், ஜன்னல் போனது, கடைசியில் அவருடைய கைகளும் போயின. கோதண்டம் எழுந்து லென்ஸ் பெட்டியைத் தட்டிவிட்டார். "ஐயோ, நெசமாவே தெரிலம்மா! முத்தம்மா, எங்க கீற?"

"பக்கத்துலதான் கீறேன். போதும் உன் டிராமா, டாக்டரு வர்றாரு."

தேசிகன் வந்து பார்த்து இது ஹிஸ்டீரியா, தண்ணீர் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். யூனிஸ் மறுபடி கேட்டாள், என்ன தெரிகிறது? கோதண்டம் வாழ்க்கையில் அதுவரை பேசாத அளவு உண்மையாக, ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார். உண்மை பேசப் பேச இருட்டு கெட்டியானது. அப்போதுதான் யூனிஸுக்கு இரண்டு வருஷமாக நடந்தது என்ன என்று புரிந்தது. அவள் தரையில் சிதறிக்கிடந்த லென்ஸ்களைத் தாண்டி வந்து முத்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, பலகைக்கு எதிரே நிறுத்தினாள். "அக்கா, நீங்க படிங்க. அவரு அப்படியே திருப்பிச் சொல்லட்டும்."

முத்தம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். "மேல 'ட'ன்னு கீது. சொல்லுய்யா." கோதண்டம் "ட" என்றார். இருட்டில், சுவரோ ஆணியோ இல்லாமல், ஒரு ட மட்டும் வந்து நின்றது. "அடுத்தாப்ல 'ப', 'ம'." அவையும் வந்தன. வரி வரியாகப் போகப்போக எழுத்துக்களைச் சுற்றிப் பலகையும், பலகையைச் சுற்றிச் சுவரும், வெள்ளைக் கோட்டும், மனைவியின் கோபமான முகமும் திரும்பி வந்தன. ஐந்தாவது வரியில் முத்தம்மாவின் படிப்பு முடிந்தது. அதற்குக் கீழே பொடியாக இருந்ததை அவளால் படிக்க முடியவில்லை. கோதண்டத்தின் பார்வையும் அங்கேயே நின்றது. மிச்சத்தைத் தான் படிக்கிறேன் என்று யூனிஸ் சொன்னாள். முத்தம்மா தடுத்துவிட்டாள். "வேணாம்மா. இந்த மட்டும் போதும். சீட்டுக்கட்டு தெரியற அளவுக்கெல்லாம் இவனுக்கு வேணாம்." கோதண்டத்துக்குக் கேட் காவல் கிடைத்தது. மில்லுக்கும் அவரால் பெரிய கஷ்டம் இல்லை. ஐந்தாவது வரிக்குக் கீழ்ப்பட்ட சாமான்கள் மட்டும்தான் அவரைத் தாண்டி வெளியே போயின.

முத்தம்மா வாயை மூடி வைக்கிறவள் இல்லை. அந்தச் சமயத்தில் ஊரைச் சுற்றிப் புதுப்புதுத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. வேலைக்குச் சேரக் கண் பரிசோதனை கட்டாயம். பெங்களூர் எப்போதுமே கண் பரிசோதனையை ஒரு பரீட்சையாகத்தான் நினைத்தது. பரீட்சை என்றால் படித்துவிட்டுப் போக வேண்டும். யூனிஸின் நாட்களில் வரிசை ரோடு வரை நீண்டது. வரிசையில் நின்றவர்கள் பலகையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அடுகோடியில் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதிவைத்தார். முகச்சவரத்துக்கு உட்கார்ந்தால் ஒருமுறை படித்துவிடலாம். ஒரு லேத் ஆபரேட்டர் மட்டும் தமிழ்ப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அவசரத்தில் கன்னடப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து முழுவதையும் ஒப்பித்துவிட்டார். அதன்பிறகு ஊரில் உள்ள கன்னட போர்டெல்லாம் அவருக்குத் தமிழில் தெரிந்தது. அவர் அதைப்பற்றிப் புகார் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது பரீட்சையில் யூனிஸ் முன்ஜாக்கிரதையாக இருந்தாள். நோயாளி பிரிஜெட் அம்மாள், தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பவர், பிளஸ் மூன்று. "அம்மா, எனக்காகப் பாக்காதீங்க. தெரியாதத தெரியலன்னே சொல்லுங்க" என்று கெஞ்சினாள். அதுதான் தப்பாகப் போனது. பிள்ளை ஏற்கனவே ஒருமுறை ஃபெயில் என்று பிரிஜெட் அம்மாள் வரிசையிலேயே கேள்விப்பட்டிருந்தார். தன்னால் இன்னொரு தடவை ஃபெயிலாகக் கூடாது என்று கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "எல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா. கவலப்படாத" என்று மொத்தப் பலகையையும் ஒப்பித்தார். பூஜ்யம். இந்தத் தடவை தேசிகன், யூனிஸ் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வருகிறாள் என்று முடிவு செய்தார்.

முதல் தடவையிலேயே பாஸாகி அதே ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்திருந்த ரங்கா அவளிடம் வந்தான். நல்ல பையன், கணக்கில் கெட்டிக்காரன்.

"மிஸ் யூனிஸ், மொதல்ல வெளிச்சம் அடிச்சுப் பாக்கறச்சே ஒரு நம்பர் வருதோல்லியோ? அதயே எழுதிட்டு வந்துடுங்கோளேன். அவர் காலைல எடுத்ததும் அதேதான்."

"அது நான் கேக்கறதுக்கு முன்னாடி இருந்த கண்ணு. கேட்டப்புறம் வேற கண்ணாயிடுதே."

"அதப் பத்தி உங்களுக்கென்ன? மார்க் போடறவர் பழைய கண்ணுக்குத்தானே போடறார்?"

"கண்ணாடி மாட்டிட்டு ரோட்டுக்குப் போறது எந்தக் கண்ணு? ஏரிக்குள்ள எறங்கினா நீங்க போய்த் தூக்குவீங்களா?"

எந்த ஏரி என்று ரங்காவுக்குப் புரியவில்லை. அவள் சொன்னதைப் போய் தேசிகனிடம் அப்படியே சொல்லிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கேட்டால் கண் மாறுகிறதாம் என்று தேசிகன் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தி, கடைசிப் பரீட்சைக்கு நோயாளி தானே என்று அறிவித்தார். தன் பவர் ஆஸ்பத்திரிக்கே தெரியும். தனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. தான் யாருக்கும் மரியாதைக்காக ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. அவர் சொன்ன மூன்றும் உண்மை.

1960 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. மெட்ராஸிலிருந்து வெளிப் பரீட்சகராக சுந்தரேசன் வந்திருந்தார். லண்டனில் தேசிகனுக்கு ஒரு வகுப்பு கீழே படித்து, இப்போது அவருக்கு மேலே போய்விட்ட ஆள். அன்று காலை ஓஸ்வால்ட் ஸ்டூலுக்கு மெத்தை தைக்கக் கொடுத்திருந்தார். யூனிஸின் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று தேவாலயத்தில் ஒரு மெழுகுவத்தியும், தம்பி ஓஸ்வால்டின் கடைக்குப் பக்கத்து தர்காவில் ஓர் ஊதுவத்திக் கட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தேசிகன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யூனிஸ் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். மைனஸ் ஆறு. இங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பாஸ். ஆனால் கேட்க வேண்டும் என்பது பரீட்சையின் விதி. கேட்காமல் எழுதுகிறவள் தட்டுக்காரி என்பது அவளுடைய விதி.

"சார், தெரியறத மட்டும் சொல்லுங்க சார். தயவுசெஞ்சு."

"எனக்கே பாடம் நடத்தறியாம்மா? கேள்வியக் கேளு."

"என்ன தெரியுது சார்?"

தேசிகனுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் புகை. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் லண்டன் நாளிலிருந்து முப்பது வருஷம் இதே இங்கிலீஷ் பலகையை வைத்து நோயாளிகளைக் கேட்ட வாய் அது. கண்ணைக் கேட்காமல் வாய் தானே ஓட ஆரம்பித்தது. ஈ, எஃப், பி, டி, ஓ, ஸட். சுந்தரேசன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு அதற்கு வேகம் கொடுத்தது. எட்டாவது வரியையும் முடித்துவிட்டு, அடியில் எறும்பு அளவில் அச்சாகியிருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் படித்துவிட்டுத்தான் அவரால் நிறுத்த முடிந்தது. நிறுத்தியபோது அச்சகத்தின் விலாசத்தில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதை அவர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

யூனிஸ் மறுபடி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பூஜ்யம். பேனாவை எடுத்து, கொஞ்ச நேரம் அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதி சுந்தரேசனிடம் நீட்டினாள்.

"இவரோட பவர் மைனஸ் ஆறும்மா. லண்டன் வரைக்கும் தெரியும்" என்றார் சுந்தரேசன். "மூணாவது தடவை இல்லையா இது? ஸாரி."

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு சார். பழைய கண்ணாடியப் போடச் சொல்லி, வித்தியாசம் கேக்கணும். முறையில இருக்கு."

முறையில் இருந்தது. எழுதி வைத்தவரே தேசிகன்தான். அவர் கண்ணாடியை மாட்டினார். சுந்தரேசன், யூனிஸ், பலகை, கதவருகே நின்ற ரங்கா எல்லாம் கரைந்து ஓடின. கழற்றினார். எல்லாம் வந்து நின்றன. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சளாக ஒரு பட்டை இருப்பதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தார். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. அவர் மறுபடி கண்ணாடியை மாட்டினார்.

"இந்தக் கண்ணாடியோட தெளிவா இருக்கா சார், இல்ல கண்ணாடி இல்லாம தெளிவா இருக்கா?" என்று யூனிஸ் கேட்டாள். கண்ணாடியோடுதான் என்று அவர் சொன்னால், சொன்ன நிமிஷமே மைனஸ் ஆறு திரும்பிவிடும். அவள் விடை நிஜமாகவே தப்பாகும். கண்ணாடி இல்லாமல்தான் என்று சொன்னால், டாக்டர் தேசிகன் தன் பவரையே தெரியாமல் பரீட்சை நடத்தினார் என்று சாயங்கால ரயிலிலேயே சேதி மெட்ராஸுக்குப் போய்விடும். தேசிகனுக்கும் இது புரிந்துவிட்டது. ஒரு கையில் மைனாவும் ஒரு கையில் மெட்ராஸுமாக அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுந்தரேசன் இருமினார். தேசிகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பிள்ளை எவ்வளவு நேரமாக நின்றுகொண்டே இருக்கிறது என்று அவளைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு மரியாதை கொடுத்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அப்படியே ஆனது. கண்ணாடியோடும் தெரிந்தது, இல்லாமலும் தெரிந்தது. சுந்தரேசன் ரெட்டினாஸ்கோப்பை வாங்கித் தானே பார்த்தார். கண்ணாடி போட்டிருந்தாலும் சரி, கழற்றியிருந்தாலும் சரி, கண் குறையில்லாமல் இருந்தது. மைனஸ் ஆறு சரியென்றால் பூஜ்யமும் சரிதான். இரண்டையும் ஒரே சமயத்தில் தப்பாக்க அவருடைய படிப்பில் வழி இல்லை. அவர் பாஸ் என்று எழுதினார். மெட்ராஸ் மெயிலுக்குக் கிளம்புமுன் அவரும் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவருடைய படிக்கிற கண்ணாடி ரயிலில் தொலைந்ததாகவும், அதைத் தேடவில்லை என்றும் பிற்பாடு தெரிந்தது. தேசிகன் ரிட்டயர் ஆகிற வரை கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வந்தார். அவசரத்தில் சில நாள் மனைவியுடையதை மாட்டிக்கொண்டு வருவார். அதிலும் நன்றாகவே தெரிந்தது.

யூனிஸ் அடுகோடியில், ஹோசூர் ரோட்டைப் பார்த்த ஓர் அறையில் போர்டு மாட்டினாள். பேரும் படிப்பும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. ஓஸ்வால்ட் பெருந்தன்மையாக ஸ்டூலை விற்றுவிட்டு, மருமகளின் சீட்டுகளை நம்பிப் பக்கத்து அறையில் ஒரு கிளை திறந்தார். சீட்டு வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் தெரிகிறது என்று சொன்னார்கள். பிறகு எல்லாம் தெரிந்துகொண்டு போனார்கள். தொழிற்சாலை ஆளெடுப்பு நடக்கிற வாரங்களில் கூட்டம் தாங்காது. ஒரு வருஷம் ஆனது, இரண்டு ஆனது. பெங்களூரில் படித்துப் பாஸான கண் பரிசோதகர்களில் ஒரு கண்ணாடிகூட எழுதிக் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான். "போர்டு மட்டும் பளபளன்னு இருக்கு யூனி. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட ஒரு கேஸு வர்லியே" என்று ஓஸ்வால்ட் வாசலில் நின்று குத்திக் காட்டுவார். அவர் கூலிங் கிளாஸும் தொப்பியும் விற்றுச் சமாளித்தார். யூனிஸ் சில நாள் யாரும் இல்லாத நேரத்தில் லென்ஸ்களை எடுத்துத் துடைத்துவிட்டு, உள்ளே அடுக்கி வைத்தாள்.

1963இல் மௌரீன் வந்தாள். அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டைப்ரைட்டிங் படிக்கிற பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்ததில் கண் சுத்தமாக இருந்தது.

"என்ன தெரியுது?"

"மூணாவது லைன் வரைக்கும் தெரியுது மிஸ். கீழ எல்லாம் கலங்கலா இருக்கு." சொல்லிவிட்டு யோசித்தாள். "ரொம்பக் கலங்கல் இல்ல. ஸ்வல்ப கலங்கல்."

"நல்ல கண்ண ஏம்மா கெடுத்துக்கற?"

"கண்ணாடி போட்டவளத்தான் மிஸ் இன்டர்வியூல ஆபீசர் ரூமுக்கு எடுத்துக்கறாங்க. மத்தவங்கள டிஸ்பாட்ச்ல தள்ளிடறாங்க. வெறும் கண்ணாடி போட்டா கண்டுபிடிச்சுடுவாங்க. சூப்பரின்டென்டென்ட் வாங்கிப் போட்டுப் பாக்கறாரு."

"நாளைக்குக் கல்யாணம்னு வந்தா? கண்ணாடி போட்ட பொண்ணு வேணாம்பாங்க."

"அப்ப இங்க வந்து எல்லாம் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போறேன். நீங்க இங்கதானே இருப்பீங்க?"

யூனிஸ் பலகைப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது வரி வேண்டாம், நான்காவது வரை தெரிகிறது என்று சொல், பஸ் மோதாமல் இருக்க அது போதும் என்று பேரம் பேசி நிறுத்தினாள். மறுபடி வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது மைனஸ் ஒன்றேகால் இருந்தது. சிவப்பு ஒளி அசைந்த விதத்தில் சந்தேகமே இல்லை. யூனிஸ் லென்ஸைப் போட்டு, கூட்டி, குறைக்க, ஒவ்வொன்றுக்கும் மௌரீன் முகத்தைச் சுளித்து இது மோசம், இது பரவாயில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். வாங்கப்போகிற சாமான் என்பதால் அவளுக்கு அதன்மேல் எந்த மரியாதையும் இல்லை. யூனிஸ் சீட்டு எடுத்து, வலது கண், இடது கண் என்று கோடு போட்டு எழுதி, கீழே முழுப் பெயரையும் படிப்பையும் போட்டுக் கையெழுத்திட்டாள். மை காய்கிற வரை சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். ஓஸ்வால்ட் ஃபிரேம்களை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

அடுத்த வாரம் கண்ணாடி தயாரானது. மௌரீன் அறை வாசலில் நின்று, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். படிக்க முடியவில்லை. கண்ணாடியை மாட்டினாள். அத்திபெலே பஸ். கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.